வேப்பிலைக் கட்டியும் பழைய கம்ப்யூட்டரும்

குடையை விற்றால் குடையோடு போயிற்று. சைக்கிளை விற்றால் மணியும் பூட்டும் கூடப் போகும். கம்ப்யூட்டரை விற்றால் மட்டும், கொஞ்சம் அசந்துவிட்டோமோ, நாமும் அதோடு கூடவே போய்விடுகிறோம்!

நான் ஒரு தடவை அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்தவன். ஆகையால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

சமீபத்தில் பெங்களூரிலிருக்கும் என் பெண் எனக்கு ஒரு புதிய லாப்டாப் வாங்கி அனுப்பினாள். 2019-ல் வாங்கிய பழைய லாப்டாப்புக்கு என் வீட்டில் அந்த நிமிஷமே மதிப்புப் போய்விட்டது.

"பழசை என்ன பண்ணப் போறேள்? பரண்ல ஏற்கெனவே உங்க ரேடியோ ரெண்டு, டேப் ரிகார்டர் ஒண்ணு, ஓடாத கடியாரம் மூணு இருக்கு. இதுக்கும் இடம் கேட்காதேங்கோ!" என்றாள் என் மனைவி.

நல்ல வேளையாக, எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் அன்று துணி கொடுக்க வந்தார். "ஐயா, பொண்ணு பி.காம். சேர்ந்திருக்கு. காலேஜுல லாப்டாப் இல்லாம சிரமமா இருக்குதாம். பழசா ஏதாவது விலைக்கு வந்தா சொல்லுங்க" என்றார். விலைக்கு வந்தது பக்கத்து அறையிலேயே இருந்தது. பதினான்காயிரம் ரூபாய் என்று பேசி முடித்தோம்.

"நாளைக்கே வந்து எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

"ஒரு வாரம் பொறுங்கள்" என்றேன்.

அவர் போனதும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "எதுக்கு ஒரு வாரம்? துணியால துடைச்சுக் கொடுக்க அரைமணி ஆகுமா? கொடுக்க மனசில்லைன்னா மனசில்லைன்னு சொல்லுங்கோ!"

அந்த ஒரு வாரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், நான் உங்களை 2011-ஆம் வருஷத்துக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். வருகிறீர்களா?

★

அப்போது எங்கள் வீட்டிலிருந்தது மேஜைக் கம்ப்யூட்டர். 2003-ல் வாங்கியது. பின்னால் பானை மாதிரி வயிறு தள்ளிய மானிட்டர், காலடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள்ளே 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வாங்கிய நாளில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எட்டு வருஷத்தில் அது கிழமாகி, காலையில் ஸ்விட்சைப் போட்டால் காப்பி குடித்து முடித்த பிறகுதான் கண் விழிக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

பெண்ணுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். கம்ப்யூட்டருக்கு வீட்டில் ஆளில்லை. விற்றுவிடத் தீர்மானித்தேன். விற்பதற்கு முன்னால் நான் செய்த முன்னேற்பாட்டைக் கேளுங்கள். திரையிலிருந்த கோப்புகளையெல்லாம் தேர்ந்தெடுத்து 'டிலீட்' பொத்தானை அழுத்தினேன். குப்பைத் தொட்டிப் படத்தையும் காலி செய்தேன். "எப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைக்காரன் நான்!" என்று முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான். கடைக்காரரும் என் எதிரிலேயே அதை 'ஃபார்மட்' செய்தார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. 2,500 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, வருகிற வழியில் ஒரு பந்து மல்லிகையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறு வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள், டெலிபோன் மணி அடித்தது.

"சார், நான் செங்கல்பட்டிலேருந்து பேசறேன். நீங்க என்னைத் தெரிஞ்சிருக்க மாட்டீங்க. உங்க வீட்டு அம்மா ஒருத்தங்க, வயசானவங்க, சமையல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒரு ரிகார்டு எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குது சார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ராங் நம்பர்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உங்க பொண்ணுக்கு உத்திராட நட்சத்திரந்தானே சார்?"

வாசக நேயர்களே, முன்பின் தெரியாத ஒரு மனிதர் டெலிபோனில் நம் பெண்ணின் நட்சத்திரத்தைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது.

அவர் பொறுமையாக விஷயத்தை விளக்கினார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ரிடையரானவர். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையனுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையன் விளையாட்டாக, அழிந்த கோப்புகளை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறான். பூமிக்குள்ளிருந்து ஈசல் புறப்படுகிற மாதிரி நான் அழித்ததெல்லாம் புறப்பட்டு வந்திருக்கிறது! பெண்ணின் ஜாதக விவரம், அதில் எங்கள் விலாசம், டெலிபோன் நம்பர், என் சம்பளம். பான் கார்டின் நகல். பாங்குக்கு எழுதிய கடிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பூர்வீக வீட்டுப் பங்கு விஷயமாக என் தமையனாருக்குக் கோபத்தில் நான்கு பக்கம் டைப் செய்து, நல்ல புத்தி வந்து அனுப்பாமல் விட்ட கடிதம் ஒன்று!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மின்சார ரயிலேறி மாம்பலம் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு ஸி.டி. இருந்தது.

"ஜாதகத் தாளை மட்டுந்தான் சார் பார்த்தேன், விலாசத்துக்காக. மத்ததை நானும் பார்க்கலை, பையனையும் பார்க்க விடலை. சுத்தமா அழிச்சாச்சு. இதை மட்டும் அழிக்க மனசு வரலை. முப்பத்தி நாலு வருஷம் தபால் கொண்டு போனவன் சார் நான். விலாசம் தெரிஞ்ச பிறகு கொடுக்காம இருக்க முடியல" என்றார்.

காப்பி கூட வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பிறகு அரை டம்ளர் குடித்தார். பஸ் சார்ஜு கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு அந்த ஸி.டி.யைப் போட்டுக் கேட்டோம். 2006-ல் என் பெண் ஒரு சின்ன மைக்கைக் கம்ப்யூட்டரில் சொருகி, தன் பாட்டியை, அதாவது என் தாயாரை, உட்கார வைத்துப் பேச வைத்திருக்கிறாள். அம்மா 2008-ல் காலமாகிவிட்டாள். அப்படி ஒரு பதிவு இருந்ததே எனக்கு மறந்து போயிருந்தது.

விஷயம் என்னவோ சாதாரணந்தான். வேப்பிலைக் கட்டி செய்வது எப்படி என்று அம்மா சொல்கிறாள். நார்த்தங்கொழுந்து இத்தனை, எலுமிச்சை இலை இத்தனை, நரம்பைக் கிள்ளி எடுக்க வேண்டும், மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு, கொஞ்சம் புளி, உரலில் இட்டு இடிக்க வேண்டும், மிக்ஸியில் அரைத்தால் சூட்டில் மணம் போய்விடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறாள். நடுவில் என் பெண், "ஏன் பாட்டி, வேப்பிலைக் கட்டிங்கறே, வேப்பிலையே போடலையே?" என்று கேட்கிறாள். அம்மா சிரிக்கிறாள். "பேரைப் பார்த்துப் பயந்தா ஆகுமாடி? வாயில போட்டுப் பாரு!" என்கிறாள். பின்னணியில் குக்கர் விசிலடிக்கிறது. அவ்வளவுதான். நாலு நிமிஷம் சில விநாடி.

நான் கேட்டு முடித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

★

அன்று முதல் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு ஆராய்ச்சி புத்தி பிறந்துவிட்டது. 'டிலீட்' என்றால் அழிப்பது என்று நினைத்திருந்தேனே, அது ஏன் அழியவில்லை?

ரயிலில் ரிசர்வேஷன் சார்ட் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு சார்ட் உண்டு. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். நாம் 'டிலீட்' செய்தால் சார்ட்டில் பெயரை அடிக்கிறது, அவ்வளவுதான். பிரயாணி என்னவோ இன்னும் பெர்த்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்! அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து எழுப்பினால்தான் இறங்குவார். யாரும் வராவிட்டால் வருஷக்கணக்கில் படுத்திருப்பார். கடைக்காரர் இரண்டு நிமிஷத்தில் செய்தாரே ஃபார்மட், அது பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சார்ட் ஒட்டுவது. பிரயாணிகள் அத்தனை பேரும் உள்ளேயே!

வேப்பிலைக் கட்டியில் வேப்பிலை இல்லாத மாதிரி, இந்த அழிப்பில் அழிப்பு என்பதே இல்லை.

என்னைப் போன்ற அசடு நான் ஒருவன்தான் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு விஷயம் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சிம்ஸன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் என்ற இருவர், 2000-லிருந்து 2002 வரை, விலைக்கு வந்த பழைய ஹார்ட் டிஸ்குகள் 158 வாங்கினார்கள். அவற்றில் வேலை செய்தவை 129. ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை எத்தனை என்கிறீர்கள்? பன்னிரண்டே பன்னிரண்டு! மற்றவற்றிலிருந்து கடிதங்கள், வைத்திய விவரங்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் எல்லாம் கிடைத்தன. 2003-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.  எல்லோருக்கும் செங்கல்பட்டு தபால்காரர் கிடைப்பாரா?

★

ஆகவேதான் இந்தத் தடவை ஒரு வாரத் தவணை கேட்டேன்.

முதல் நாள், காப்பி எடுக்கும் படலம். குடிக்கிற காப்பி அல்ல, நகல். வேண்டிய போட்டோக்கள், கடிதங்கள், வருமான வரிக் காகிதங்கள், அம்மாவின் குரல் எல்லாவற்றையும் வெளியே செருகும் டிஸ்க் ஒன்றில் போட்டேன். அம்மாவின் குரல் மட்டும் திரையின் நடுவிலேயே ஒரு படமாக இருந்தது. அதைத்தான் முதலில் இழுத்துப் போட்டேன்.

இரண்டாம் நாள், கணக்குகளிலிருந்து வெளியேறும் படலம். இது நாம் நினைப்பதை விடப் பெரிய வேலை. நாம் இணையம் பார்க்கும் பிரௌஸர் இருக்கிறதே, அது நம் பாஸ்வேர்டுகளையெல்லாம் பரம சிரத்தையாக ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும். மின்னஞ்சல், பாங்கு, வருமான வரி என்று ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறினேன். என் செல்போனை எடுத்து, வாட்ஸப்பில் 'இணைக்கப்பட்ட கருவிகள்' என்ற பகுதியில் இந்த லாப்டாப்பின் பெயரை நீக்கினேன். மைக்ரோஸாப்ட் கணக்கில் என் பெயரில் பதிவாகியிருந்த கருவிகளின் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நேயர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கருவியைக் கண்டுபிடித்துத் தரும் வசதியை நிறுத்தி, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறாமல் கொடுத்துவிட்டால், வாங்கியவர் அதைத் திறக்கவே முடியாமல் போகலாம். திருடனுக்காகப் போட்ட பூட்டு, பணம் கொடுத்தவரை வாசலில் நிறுத்திவிடும்.

மூன்றாம் நாள், வாங்குகிறவர் பக்கம் நின்று பார்க்கும் படலம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறாது, இன்டெல் சில்லு என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். படிக்கிற பெண்ணுக்குக் கொடுக்கிறோம், நாலு வருஷமாவது உழைக்க வேண்டாமா? நல்ல காலம், என்னுடையது எட்டாம் தலைமுறைதான். புதிய விண்டோஸ் ஏறிவிட்டது.

பேட்டரியின் ஆரோக்கியத்தையும் பரிசோதித்தேன். விண்டோஸிலேயே அதற்கு ஒரு கட்டளை உண்டு. வைத்தியர் ரிப்போர்ட் மாதிரி எழுதிக் கொடுத்துவிடும். புதிதில் 41,000 மில்லிவாட் மணி கொள்ளளவு. இப்போது 24,000 சொச்சம். அதாவது புதிதில் நாலு மணி நேரம் தாங்கியது இப்போது இரண்டரை மணியைத் தாண்டாது. இதை ஒரு காகிதத்தில் எழுதினேன். 'என்' எழுத்துப் பொத்தானைச் சற்று அழுத்தித் தட்ட வேண்டும் என்பதையும் எழுதினேன். விண்டோஸ் உரிமை லாப்டாப்போடு கூடவே போகும். ஆனால் நான் வருஷச் சந்தா கட்டி உபயோகித்த ஆபீஸ் சாஃப்ட்வேர் என் பெயரில் இருப்பதால் அதோடு போகாது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதினேன்.

என் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, பொண்ணு பார்க்க வந்தவா கிட்ட பொண்ணுக்குக் குறட்டைன்னு நீங்களே சொல்லுவேளோ? விலையைக் குறைக்க மாட்டாரா?"

"குறைத்தால் குறைக்கட்டும்" என்றேன்.

நான்காம் நாள் சுத்தம் செய்யும் படலம். கம்ப்யூட்டரை அணைத்து, மின்சார இணைப்பை எடுத்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினேன். ஐயோ, அந்தப் பொத்தான்களின் நடுவிலிருந்து உதிர்ந்த ஓமப்பொடியை வைத்து ஒரு வேளைச் சிற்றுண்டியை முடித்திருக்கலாம்! பொத்தான்களை, ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தேன். திரைக்கு ஈரம் ஒற்றிய துணி போதும். எதையும் நேரே கம்ப்யூட்டர் மேல் பீச்சக்கூடாது. துணியில் தெளித்துத்தான் துடைக்க வேண்டும்.

★

ஐந்தாம் நாள், அழிக்கும் நாள்.

இதிலே பல மதங்கள் உண்டு. முப்பத்தைந்து தடவை மேலே மேலே எழுதினால்தான் அழியும் என்பார் சிலர். நியூஸிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் என்பவர் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த சம்பிரதாயம் அது. அவர் அந்தக் காலத்துப் பலவகை டிஸ்குகளுக்கும் சேர்த்துச் சொன்னதை, ஜனங்கள் ஒரே டிஸ்குக்கு மந்திரம் ஜபிக்கிற மாதிரி முப்பத்தைந்தும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அது வீண் வேலை என்று பிற்பாடு அவரே எழுதினார். சுழலும் தகடுள்ள ஹார்ட் டிஸ்காக இருந்தால், முழுவதும் ஒரு தடவை மேலே எழுதினாலே போதும் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது.

இப்போதைய லாப்டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்க். அது வேறு ஜாதி. ஒரே இடத்தில் எழுதி எழுதித் தேய்ந்துவிடக்கூடாதென்று, நாம் எழுதச் சொன்னதை அது தன் இஷ்டப்படி இடம் மாற்றி மாற்றி எழுதும். ஆகையால் ஒரு கோப்பின் மேல் எழுதி அதை அழித்துவிட்டோம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதற்கு நல்ல வழி, முதலிலிருந்தே டிஸ்க் முழுவதையும் ரகசியச் சங்கேதத்தில் எழுதும் வசதியைப் போட்டு வைத்திருப்பது. கடைசியில் சங்கேதத்தின் திறவுகோல் தொலைந்தால் உள்ளே இருப்பது யாருக்கும் புரியாது. அதோடு, விண்டோஸ் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரீஸெட்' என்பதற்குப் போய், 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குள்ளே டிஸ்கைச் சுத்தம் செய்யவா என்று கேட்கும் இடத்தில் 'ஆம்' என்று வைக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். சார்ஜரைச் செருகியே வைக்க வேண்டும். இது வீட்டு உபயோகத்துக்குத்தான், சர்க்கார் தரத்து அழிப்பு அல்ல என்று மைக்ரோஸாப்டே சொல்லிவிடுகிறது. நம்மிடம் ராணுவ ரகசியம் என்ன இருக்கிறது? தமையனாருக்கு அனுப்பாத கடிதம் கூட இந்தத் தடவை இல்லை.

எல்லாம் தயார். பொத்தானின் மேல் அம்பை வைத்துவிட்டேன். அப்போது என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அம்மா குரலை எடுத்து வெச்சுண்டாச்சோன்னோ?"

"முதல் நாளே ஆயிற்று."

"எங்கே, போட்டுக் காட்டுங்கோ."

"அதான் ஆயிற்று என்கிறேனே!"

"போட்டுக் காட்டுங்கோன்னா காட்டுங்கோ. புது லாப்டாப்புலே போடுங்கோ."

எரிச்சலோடு வெளி டிஸ்கைப் புது லாப்டாப்பில் செருகினேன். அம்மாவின் பெயரிட்ட படம் இருந்தது. அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி எழும்பியது: இந்தக் கோப்பு இருந்த இடத்தில் இல்லை!

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பதில்.

நேயர்களே, நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? திரையின் நடுவில் இருந்தது அம்மாவின் குரல் அல்ல. அதற்குப் போகும் வழியைக் காட்டும் ஒரு கைகாட்டி மரம். 'ஷார்ட்கட்' என்று சொல்கிறார்கள். மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும், இரண்டு கே.பி. அளவு கூட இருக்காது. ஊரை விட்டுவிட்டு, ஊருக்கு வழி காட்டும் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்! செங்கல்பட்டுக்காரர் கொடுத்த ஸி.டி.யோ வெகு நாளைக்கு முன்பே கீறல் விழுந்து வாசிக்காமல் போய்விட்டது. உலகத்தில் அந்தக் குரல் இருந்த ஒரே இடம், நான் அழிப்பதற்கு விரலை நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய லாப்டாப்.

என் கை நடுங்கியதை என் மனைவி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அசல் கோப்பைத் தேடிப் பிடித்தோம். வெளி டிஸ்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, பெண்ணுக்கு மின்னஞ்சலில் ஒன்று, ஆக மூன்று இடத்தில் போட்டோம். ஒவ்வொன்றையும் புது லாப்டாப்பில் திறந்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். மூன்று தடவை அம்மா சிரித்தாள். மூன்று தடவை குக்கர் விசிலடித்தது.

நகல் எடுத்தேன் என்பது வேறு. நகலைத் திறந்து பார்த்தேன் என்பது வேறு. இந்தக் கட்டுரை முழுவதையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே, நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். அழிய வேண்டியது சிரஞ்சீவியாக இருக்கும். இருக்க வேண்டியது ஒரு நொடியில் போய்விடும். இரண்டுக்கும் காரணம், பெயரைப் பார்த்து நாம் நம்பிவிடுவதுதான்.

அதன் பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். சாயங்காலம் ஆரம்பித்தது ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்தது. மறுபடி உயிர் பெற்று, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டது. பதில் சொல்லாமல் அந்த இடத்திலேயே அணைத்து வைத்தேன். பதில் சொல்ல வேண்டியவர் இனிமேல் நானல்ல.

★

இஸ்திரிக்காரர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். சார்ஜர், வாங்கிய பில், குறைகள் எழுதிய காகிதம் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தேன். இன்ன தேதியில், இன்ன வரிசை எண் உள்ள லாப்டாப்பை, இன்ன விலைக்குக் கொடுத்தேன் என்று இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பின்னால் யாருக்கும் சங்கடம் வேண்டாமே!

குறைக் காகிதத்தை அந்தப் பெண் உரக்கப் படித்தாள். அப்பா தலையைச் சொறிந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நானே, "பேட்டரி பழசு. ஆகையால் பன்னிரண்டாயிரம் கொடுத்தால் போதும்" என்றேன். சமையலறையில் ஒரு பாத்திரம் சற்றுப் பலமாகவே வைக்கப்பட்டது.

அந்தப் பெண் லாப்டாப்பைத் திறந்தாள். நாட்டைக் கேட்டது, சொன்னாள். மொழியைக் கேட்டது, சொன்னாள். கடைசியில் பெயரைக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாக அடித்தாள். 'என்' எழுத்து வந்தபோது சொல்லாமலே கொஞ்சம் அழுத்தி அடித்தாள்.

திரை முழுவதும் அவள் பெயரைச் சொல்லி வரவேற்றது. ஆறு வருஷத்துக்கு மேல் என் பெயரைச் சொன்ன யந்திரம்! எனக்குத் துளியும் பொறாமை உண்டாகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதுவும் போய்விட்டது.

"இதுல பழசு எதுவும் இல்லீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"ஒன்றுமே இல்லை அம்மா. முழுக்க உன்னுடையது."

அவர்கள் புறப்படும் சமயம் என் மனைவி உள்ளேயிருந்து ஒரு சின்னப் பாட்டிலைக் கொண்டு வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். முந்தின நாள் மூன்று தடவை கேட்டதன் பலன். காலையிலேயே இடித்து வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"இது என்னங்கம்மா?"

"வேப்பிலைக் கட்டி."

அந்தப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள். "வேப்பிலை வாசனையே வரலீங்களே!"

"பேரைப் பார்த்துப் பயந்தா ஆகுமா? வாயில போட்டுப் பாரு!" என்று சொல்லிச் சிரித்தாள் என் மனைவி.